கீசர் போட்டால் பிளக் சுடுகிறது, டிரிப் ஆகிறது: அறிகுறியை வைத்து வயர் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

மதுரைப் பக்கம் கீசருக்கு வேலை கார்த்திகையில் தொடங்கி மாசியோடு முடிந்துவிடும். மீதி மாதமெல்லாம் சும்மா கிடந்த பிளக்கும் சுவிட்சும் மார்கழி விடிகாலையில் திடீரென்று முழு லோடு சுமக்க வேண்டியிருக்கிறது. வீடே வரிசையாகக் குளிக்கிறது. கோளாறும் அப்போதுதான் மொத்தமாக வெளியே வரும். விளாங்குடி, ஆனையூர், திருநகர், ஒத்தக்கடை என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, கீசர் போட்டா பத்து நிமிசத்துல டிரிப் ஆயிருது. பதினாறு ஆம்ப்ஸ எடுத்துட்டு முப்பத்திரண்டு போட்டா சரியாயிரும்ல?"

டிரிப் ஆவது நின்றுவிடும். ஆனால் எம்சிபி, அதாவது தானாக இறங்கும் அந்தப் பதினாறு ஆம்ப்ஸ் சுவிட்ச், இருப்பதே சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் வெட்டிவிட வேண்டியது அதன் வேலை. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், எம்சிபி வெட்டும் முன்பே வயர் உருகும். சுவருக்குள் உருகுகிற வயர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஹீட்டர் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, அதற்கு மேலே எம்சிபி, அதற்கும் மேலே வயரின் தாங்குதிறன்.

குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

இந்த அறிகுறி இருந்தால் மற்ற எதையும் இப்போது படிக்க வேண்டாம். கீசரின் எம்சிபியை இறக்குங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், சரிசெய்யும் வரை யாரும் அதில் குளிக்கக் கூடாது. 'லேசா சுருக்குன்னுதான் இருக்கு' என்பதும் ஷாக்தான். ஈர உடம்புக்கு அந்த லேசு போதும்.

இங்கே இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கீசருக்குள் தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்டிலிருந்து கரண்ட் லீக் ஆகிறது, அதை வாங்கிக்கொண்டு போக வேண்டிய எர்த்து வேலை செய்யவில்லை. எலிமென்டை மட்டும் மாற்றிவிட்டு ஆள் போய்விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சாக்கெட்டைத் திறந்து எர்த்து வயர் இருக்கிறதா, டிபி பெட்டியில் (எம்சிபி எல்லாம் வரிசையாக இருக்கும் பெட்டி) எர்த்து கட்டையில் முறுக்கியிருக்கிறதா, அங்கிருந்து குழிக்குப் போகிறதா என்று கடைசி வரை பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் சாக்கெட்டின் எர்த்து பின்னை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது மிக ஆபத்து. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.

நம் ஊர் மண்ணும் இதற்கு உதவி செய்வதில்லை. கோடையில் எர்த்து குழி காய்ந்து போகும். மேலூர் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கரி, உப்பு போட்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் தேறும். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுங்கள். போகிற கரண்டுக்கும் திரும்பி வருகிற கரண்டுக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தாலே அது வெட்டிவிடும். குளியலறையில் ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டில் இது இல்லாமல் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் இறங்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

வயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஷாக்கை அது தடுக்காது. இந்த அறிகுறிக்கும் வயர் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது.

பிளக் சுடுகிறது, கருகின வாசனை வருகிறது

அதிகம் பார்ப்பது இதுதான். 15 நிமிடம் ஓடவிட்டு, எம்சிபியை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, உடனே தொட்டுப் பாருங்கள். பிளக் பின்கள் சுடுகின்றன, ஓர் அடி தள்ளி வயர் குளிர்ந்தே இருக்கிறது என்றால் கோளாறு கான்டாக்டில். வயரும் நீளம் நெடுகச் சூடாக இருந்தால் வயர் சின்னது. இந்த ஒரு சோதனை பாதி குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மெயினை இறக்கிவிட்டு சாக்கெட்டைக் கழற்றுங்கள். பேஸ் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கும். பின்பக்கம் ஸ்குரூவுக்குப் பக்கத்தில் வயரின் பிவிசி அரை அங்குல நீளத்துக்குக் கருத்து, விரல் பட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். உள்ளே செம்பு தன் நிறம் போய்க் கருநீலமாக இருக்கும். நாலைந்து இழை ஸ்குரூவுக்கு வெளியே பிதுங்கி, மீதி இழைகளே கரண்டைச் சுமந்திருக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கிற பித்தளை நாக்கு தளர்ந்து, பிளக்கைச் சொருகினால் இறுக்கமே இல்லாமல் உள்ளே போகும்.

ஒரு லூஸ் கான்டாக்ட் எவ்வளவு சூடு கிளப்பும் என்று கணக்குப் பாருங்கள். 13 ஆம்ப்ஸ் ஓடும்போது ஒரே ஜாயின்ட்டில் 10 வோல்ட் விழுந்தால், அந்த இடத்தில் மட்டும் 130 வாட் சூடு. பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைவிட அதிகமான சூடு, விரல் நுனி அளவு இடத்தில்.

சாக்கெட், பிளக் டாப் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தளர்ந்த பழையது புதியதையும் கெடுக்கும். 16 ஆம்ப்ஸ், ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். கருகிய வயரைப் பளிச்சென்று செம்பு தெரிகிற வரை வெட்டித் தள்ளிவிட்டு, இழைகளை முறுக்கி, முடிந்தால் லக்கு (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு இறுக்குங்கள். வயர் நீளம் போதவில்லை என்று சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். பெட்டியிலிருந்து புது வயர் இழுங்கள்.

பிளக்கின் மேல் இருக்கும் 16 ஆம்ப்ஸ் என்பதைத் தாண்டும் ஹீட்டருக்கு எந்த பிளக்கும் சரிவராது. 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 19.6 ஆம்ப்ஸ் இழுக்கும். அதை பவர் பிளக்கில் சொருகிவைத்தால் நாள் தள்ளிக் கருகும், அவ்வளவுதான். பிளக்கை எடுத்துவிட்டு, பேஸும் நியூட்ரலும் ஒன்றாக வெட்டும் 32 ஆம்ப்ஸ் டபுள் போல் சுவிட்ச் போட்டு நேராக டெர்மினலில் கட்ட வேண்டும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில். எக்ஸ்டென்ஷன் பெட்டி, பவர் பிளக்கைச் சின்ன பிளக்காக மாற்றும் கன்வெர்ட்டர், இரண்டும் கீசர் பக்கமே வரக்கூடாது.

கொஞ்ச நேரம் ஓடி டிரிப் ஆகிறது

எத்தனை நிமிடத்தில் டிரிப் ஆகிறது என்று முதலில் கவனியுங்கள். போட்டவுடன் 'டப்' என்று இறங்கினால் ஷார்ட் அல்லது லீக். பத்து, இருபது நிமிடம் ஓடிவிட்டு இறங்கினால் சூடு. எம்சிபிக்குள் இரண்டு ஏற்பாடு உண்டு. ஷார்ட் வந்தால் நொடியில் வெட்டும் காந்தச் சுருள் ஒன்று. ஓவர்லோடு வந்தால் மெதுவாகச் சூடேறி வளைந்து வெட்டும் உலோகப் பட்டை இன்னொன்று. 16 ஆம்ப்ஸ் எம்சிபி 16.1 ஆம்ப்ஸிலேயே இறங்கிவிடாது. அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும், 1.45 மடங்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் வெட்ட வேண்டும் என்பதே விதி.

3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்ப்ஸ்தான். அது மட்டும் ஓடி 16 ஆம்ப்ஸ் எம்சிபி இறங்கினால் மூன்றில் ஒன்று நடக்கிறது. அதே எம்சிபியில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது: இன்னொரு குளியலறை கீசர், வாஷிங் மெஷின், மாடி மோட்டார். அல்லது எம்சிபியின் ஸ்குரூ தளர்ந்து, அந்தச் சூடு உள்ளே இருக்கும் பட்டையை ஏமாற்றுகிறது. அல்லது எம்சிபி பழசாகிவிட்டது. கீசர் எம்சிபியை இறக்கிவிட்டு வீட்டில் வேறு எதெல்லாம் நிற்கிறது என்று சுற்றிப் பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். மெயினை இறக்கி ஸ்குரூவை இறுக்கினால் இரண்டாவது தெரிந்துவிடும்.

கீசருக்குத் தனி வயர், தனி எம்சிபி. இதில் சமரசம் கிடையாது.

ஆர்சிசிபி இறங்குகிறது, எம்சிபி நிற்கிறது

வயர் அளவு பிரச்சினை இல்லை, லீக். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். இறங்காமல் நின்றால் கீசர்தான் காரணம், பெரும்பாலும் எலிமென்ட். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு கூடுதலானது. எலிமென்ட் மேல் வெள்ளையாகக் கட்டி பிடித்து, அடியில் சூடு தாங்காமல் வெடிப்பு விட்டு, தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வெடிப்பு சின்னதாக இருந்தால் சூடேறிய பிறகே லீக் ஆகும். அதனால்தான் ஐந்து நிமிடம் கழித்து இறங்குகிறது. மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்திருப்பவர் 500 வோல்ட் கொடுத்து எலிமென்டுக்கும் உடம்புக்கும் நடுவே பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும்.

பிளக் இல்லாமலும் இறங்கினால் வேறு ஏதாவது கருவியில் லீக், இல்லையென்றால் வயரிங்கில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆர்சிசிபி 'சும்மா சும்மா இறங்குது' என்று அதைக் கழற்றிவிட்டு நேர் கனெக்ஷன் கொடுத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அது சும்மா இறங்குவதில்லை.

கீசர் போட்டால் லைட் மங்குகிறது

இதற்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும், அளக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். டிபி பெட்டியில் ஒரு முறை, கீசர் பாயின்ட்டில் ஒரு முறை, கீசர் ஓடாதபோதும் ஓடும்போதும் வோல்ட் அளக்க வேண்டும். நாலு எண். அதில் கதை முழுக்க இருக்கிறது.

ஓடாதபோது இரண்டு இடத்திலும் 228 என்று வைத்துக்கொள்வோம். கீசரைப் போட்டதும் பெட்டியில் 225, பாயின்ட்டில் 220 என்றால் எல்லாம் ஒழுங்கு. 13 ஆம்ப்ஸ் ஓடும்போது 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ.) வயரில் சுமார் 4.7 வோல்ட் விழும், அது இயல்பு. 1.5 ஸ்கொயர் வயராக இருந்தால் 7.5 வோல்ட், 4 ஸ்கொயரில் 3 வோல்டுக்குக் கீழே. பாயின்ட்டில் 208, 210 என்று காட்டினால் வயர் அளவால் மட்டும் அவ்வளவு இறங்காது. நடுவில் கெட்ட ஜாயின்ட் இருக்கிறது. ஜங்ஷன் பெட்டி ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியதுதான்.

பெட்டியிலேயே 228 இறங்கி 205 ஆகிறது என்றால் கோளாறு கீசர் வயரில் இல்லை. பெரும்பாலும் மீட்டருக்கு முன்னால், சர்வீஸ் வயரில், கம்பத்தில். அதை நீங்களும் தொடக்கூடாது, உங்கள் எலெக்ட்ரீஷியனும் தொடக்கூடாது. ஈபியில் சொல்லுங்கள். அவர்களின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987.

மூன்று பேஸ் வீட்டில் ஒரு பக்கம் மங்கி, இன்னொரு பக்கம் பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், நியூட்ரல் விட்டுப்போகிறது. உடனே மெயினை இறக்குங்கள். டிவி, பிரிட்ஜ் எல்லாம் போவதற்கு சில நிமிடம் போதும்.

தண்ணீர் போதுமான அளவு சுடவில்லை

வயர் மேல் பழி போடும் முன் தண்ணீரைப் பாருங்கள். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் 3 கிலோவாட் ஒரு நிமிடத்துக்கு சுமார் 2.9 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்றும். 4.5 கிலோவாட் 4.3 லிட்டர். குழாயை முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் கொட்டும்போது எந்த 3 கிலோவாட்டும் சுடவைக்காது. குழாயைக் குறைத்துத் திறந்தால் சரியாகிவிடும் சங்கதிக்கு வயரை மாற்றச் சொல்லிக் காசு வாங்கிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் வோல்டேஜ். 230 வோல்டில் 3 கிலோவாட் தரும் எலிமென்ட், 200 வோல்ட் வந்தால் சுமார் 2.27 கிலோவாட்தான் தரும். கால்வாசி போய்விட்டது. திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் லைன் கடைசியில் இருக்கும் கிராமத்து வீடுகளில், பம்ப்செட் ஓடும் நேரத்தில் இது சகஜம். டேங்க் கீசர் என்றால் நேரம் கூடும், அவ்வளவுதான். 15 லிட்டர், 2 கிலோவாட், 25லிருந்து 60 டிகிரிக்குச் சரியான வோல்டேஜில் 18 நிமிடம் ஆகும். அதற்கு அரை மணிக்கு மேல் ஆகிறது, வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால் எலிமென்ட் மேல் உப்பு கட்டியிருக்கும்.

வயர் நிஜமாகவே சின்னதுதான் என்று தெரிந்துவிட்டால்

இனிதான் அளவு. ஹீட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எண்ணைப் பாருங்கள். அதை 230ஆல் வகுத்தால் ஆம்ப்ஸ். 2 கிலோவாட் 8.7, 3 கிலோவாட் 13, 4.5 கிலோவாட் 19.6, 6 கிலோவாட் 26. லிட்டரைப் பார்த்து வயர் முடிவு செய்யக்கூடாது. 25 லிட்டர் டேங்க் கீசர் 2 கிலோவாட் இருக்கும், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் 4.5 கிலோவாட் இருக்கும். சின்னதாகத் தொங்குவதுதான் அதிகம் இழுக்கிறது.

வயர் எவ்வளவு தாங்கும்? சர்வதேச மின்பொறியியல் அட்டவணைப்படி, 30 டிகிரி வெப்பத்தில், ஒரு பைப்புக்குள் தனியாக ஓடும் பிவிசி செம்பு வயருக்கு இப்படி:

1.5 ஸ்கொயர்: 17.5 ஆம்ப்ஸ்
2.5 ஸ்கொயர்: 24 ஆம்ப்ஸ்
4 ஸ்கொயர்: 32 ஆம்ப்ஸ்
6 ஸ்கொயர்: 41 ஆம்ப்ஸ்
10 ஸ்கொயர்: 57 ஆம்ப்ஸ்

இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு '2.5 போதும், 24 தாங்குமே' என்று முடிவு செய்கிறார்கள். இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது. சுற்றுவெப்பம் 40 டிகிரி ஆனால் மேலே உள்ளதை 0.87ஆல் பெருக்க வேண்டும். 50 டிகிரி ஆனால் 0.71. மதுரைச் சித்திரை வெயிலில் நிழலிலேயே 40ஐத் தொடுகிறது. மொட்டைமாடித் தளத்தின் மேல் வெயிலில் கிடக்கும் பைப்புக்குள் 50 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை. அதோடு அதே பைப்பில் ஏசி வயர், மோட்டார் வயர் என்று சேர்ந்து ஓடினால், இரண்டு சர்க்யூட்டுக்கு 0.8, மூன்றுக்கு 0.7 என்று இன்னொரு முறை குறைக்க வேண்டும்.

போட்டுப் பாருங்கள். 2.5 ஸ்கொயர், மொட்டைமாடிப் பைப்பு, மூன்று சர்க்யூட்: 24ஐ 0.71ஆலும் 0.7ஆலும் பெருக்கினால் 11.9 ஆம்ப்ஸ். 13 ஆம்ப்ஸ் இழுக்கும் 3 கிலோவாட் கீசருக்கே அது போதவில்லை. எம்சிபியோ 16. அதாவது வயர் தன் எல்லையைத் தாண்டி ஓடுகிறது, எம்சிபி எந்தக் காலத்திலும் இறங்காது. பிவிசி கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து விறைப்பாகி, சில வருடம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

கீசர் ஓடுவது குளிர்காலத்தில்தானே, அப்போது ஏது 50 டிகிரி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கைக்குழந்தையும் பிள்ளை பெற்றவளும் இருக்கும் வீட்டில் சித்திரையிலும் கீசர் ஓடும். மூட்டுவலிக்காரப் பெரியவர்கள் வருடம் பூராவும் வெந்நீரில்தான் குளிப்பார்கள். வயர் ஒரு முறை சுவருக்குள் போனால் இருபது முப்பது வருடம் அங்கேதான் இருக்கும். மோசமான நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆகவே நான் போடுவது இதுதான். 2 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர், எம்சிபி 10 ஆம்ப்ஸ். 3 கிலோவாட்டுக்கு எம்சிபி 16. வீட்டுக்குள்ளேயே தனிப் பைப்பில் போனால் 2.5, மாடி வழியாகப் போனாலோ மற்ற வயர்களோடு சேர்ந்து போனாலோ 4. 4.5 கிலோவாட்டுக்கு எம்சிபி 25, வயர் 4; மாடி வழி என்றால் 6, தனிப் பைப்பு. 4.5 கிலோவாட்டுக்கு 20 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டால் 19.6க்கும் 20க்கும் இடைவெளியே இல்லை, பெட்டி சூடான நாளில் காரணமில்லாமல் இறங்கும். எர்த்து வயர் பேஸ் வயரின் அதே அளவு. 1.5 ஸ்கொயரை எந்த கீசருக்கும் நான் போடுவதில்லை. 2 கிலோவாட்டுக்குக் கணக்குப்படி அது போதும் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அடுத்த கீசர் வாங்கும்போது வீட்டுக்காரர் கடையில் 3 கிலோவாட்டை எடுத்துவருவார், பழைய பாயின்ட்டிலேயே மாட்டுவார்.

மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு ரீப்பர் மேல் ஓடும் பேட்டன் வயரிங் இன்னும் இருக்கிறது. 3/20, 7/20 என்று கேஜ் கணக்கில் சொல்லப்படும் வயர் அது. 3/20 என்பது 2 ஸ்கொயருக்குக் கொஞ்சம் குறைவு, 7/20 என்பது நாலரைக்குச் சற்று மேல். எண்ணைப் பார்த்து '7/20 இருக்கே, போதும்' என்று விடாதீர்கள். இன்சுலேஷனுக்கு வயசாகிவிட்டது. அலுமினிய வயராகவும் இருக்கலாம், அப்படியென்றால் அதே தடிமனில் செம்பு தாங்குவதை அது தாங்காது. அந்த வீடுகளில் கீசருக்கு மட்டுமாவது பெட்டியிலிருந்து புது வயர் தனியாக இழுப்பதே வழி.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

ஐஎஸ் 694 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் வயர் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு சோதனை உண்டு. ஒன்று, நுனியைச் சீவி இழைகளை எண்ணுவது. 0.3 மி.மீ. இழையாக இருந்தால் 2.5 ஸ்கொயரில் 36 இழை, 4 ஸ்கொயரில் 56, 6 ஸ்கொயரில் 84. எண்ணிக்கை சரியாக இருந்தும் இழை மெலிசாக இருந்தால் பிரயோஜனமில்லை, அதனால் இரண்டாவது சோதனை எடை. 90 மீட்டர் சுருளில் 2.5 ஸ்கொயர் என்றால் செம்பு மட்டுமே சுமார் 2 கிலோ, 4 ஸ்கொயர் என்றால் 3.2 கிலோ. பிவிசியையும் சேர்த்த மொத்தச் சுருளே 2 கிலோ தேறவில்லை என்றால் அது 2.5 இல்லை. தராசு இல்லாத கடை ஏது? தயங்காமல் எடைபோடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு எலக்ட்ரிக் ஷவரை மாட்டலாமா?

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் இன்ஸ்டன்ட் ஷவர் 3.3, 3.6 கிலோவாட் அளவில் இருக்கும். 3.6 என்றால் 15.7 ஆம்ப்ஸ். பிளக்கில் போடாதீர்கள். 20 ஆம்ப்ஸ் எம்சிபி, 4 ஸ்கொயர் வயர், டபுள் போல் சுவிட்ச் என்று கட்டினால் தாராளமாக ஓடும்.

லண்டனிலிருந்து வருவது வேறு சங்கதி. அங்கே வீட்டு எலக்ட்ரிக் ஷவர் 7.5 முதல் 10.5 கிலோவாட் வரை இருக்கும். அங்கே குளிர்காலக் குழாய்த் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும், அதை 30 டிகிரிக்கு மேல் ஏற்றினால்தான் குளிக்க முடியும். அதனால் அந்த அளவு. அதற்கு அங்கே 6 அல்லது 10 ஸ்கொயர் கேபிளைத் தனியாக இழுத்து, 45 ஆம்ப்ஸ் கயிற்று சுவிட்ச் போடுகிறார்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸே 60, 80, 100 ஆம்ப்ஸ் அளவில் இருக்கிறது.

நம் ஊரில் சிங்கிள் பேஸ் மீட்டரின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 5-30 ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கும். 8.5 கிலோவாட் ஷவர் ஒன்றே 37 ஆம்ப்ஸ். 10 ஸ்கொயர் வயரும் 40 ஆம்ப்ஸ் எம்சிபியும் நீங்கள் போட்டுவிடலாம். மீட்டரும் சர்வீஸ் வயரும் அதற்குத் தயாராக இல்லை. மூன்று பேஸ் வாங்கினாலும் 37 ஆம்ப்ஸ் முழுவதும் ஒரே பேஸில்தான் உட்காரும். ஒப்புதல் பெற்ற லோடை உயர்த்தாமல் மாட்டவே கூடாது. அதைவிட முக்கியம், அது தேவையே இல்லை. நம் மேல்தொட்டித் தண்ணீரை 15 டிகிரி ஏற்றினால் போதும். 4.5 கிலோவாட்டில் ஒரு ஆள் வசதியாகக் குளிக்கலாம். கொடைக்கானலில் வீடு இருக்கிறவர்களுக்கு டேங்க் கீசர்தான் சரி: 2 கிலோவாட்டில் மெதுவாகச் சுடவைத்துச் சேர்த்துவைக்கும், வயரையும் படுத்தாது.

புது வயர் இழுத்து முடித்ததும்

எதையும் இணைக்கும் முன் புது வயரை மெகர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பைப்பில் இழுக்கும்போது எங்காவது தோல் உரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஹீட்டரை இணைத்து, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது இறங்குகிறதா என்று பாருங்கள். டேங்க் கீசர் என்றால் தண்ணீர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் சீராகக் கொட்டிய பிறகே சுவிட்ச் போட வேண்டும். காலித் தொட்டியில் எலிமென்ட் நிமிடத்தில் போய்விடும். வெந்நீரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் தொடர்ந்து ஓடட்டும். நிறுத்தி, மெயினை இறக்கி, சுவிட்ச் டெர்மினலையும் எம்சிபி டெர்மினலையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஸ்குரூ இறுகவில்லை. இழை வயர் முதல் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கி இடம் விடும், அதனால் இரண்டு வாரம் கழித்து மெயினை இறக்கி எல்லா ஸ்குரூவையும் இன்னொரு திருகு இறுக்கிவிடுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும், கீசரை முதன்முதலாகப் போடும் முன்.